பழைய வண்டி, புது ஸ்பேர்: காசு கொடுக்கும் முன் ஒரு நிமிடம்!



நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் பைக்குகளை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஷோரூமிலிருந்து நேராக வந்தவை எத்தனை? அண்ணன் ஓட்டிவிட்டுக் கொடுத்தது, மாமா விற்றது, யாரோ ஒரு புரோக்கர் மூலமாக மூன்றாவது கையாக வந்தது என்பவைதான் அதிகம் இருக்கும். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற எங்களைப் போன்றவர்களுக்குச் செகண்ட் ஹேண்ட் வண்டிதான் முதல் வண்டி!

என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார் வேலை பார்க்கிறார். ஆகவே எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் விற்றாலும், "தம்பி, நீதான் பாலிடெக்னிக் படிக்கிறியே, இந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருப்பா" என்று கூப்பிட்டு விடுவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தும், மெக்கானிக் அண்ணன்களைக் கேட்டும், சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தும் தெரிந்து கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவு இல்லாத நண்பர்களும் படிக்கலாம். வண்டி ஓட்டாத வீடு இன்று எங்கே இருக்கிறது?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டியானாலும் ஸ்பேர் பார்ட்ஸ் ஆனாலும், விற்பவர் வாயால் சொல்வதற்கு மதிப்பு கிடையாது. எண்ணுக்கும் எழுத்துக்கும்தான் மதிப்பு. எண்ணைப் படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம்.

யாரிடம் வாங்கலாம்?

பழைய வண்டி ஐந்து வழிகளில் நம் கைக்கு வருகிறது.

முதலாவது, கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் விற்பனை நிலையங்கள். மாருதியின் 'ட்ரூ வேல்யூ' 2001-இல் தொடங்கியது. இங்கே விலை சற்றுக் கூடுதல். ஆனால் பேப்பர் வேலையை அவர்களே முடித்துக் கொடுப்பார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு வாரண்டி எழுதித் தருவதும் உண்டு.

இரண்டாவது, நம் ஊர்ப் பக்கம் 'ஆட்டோ கன்சல்டிங்' என்று போர்டு மாட்டியிருக்கும் தனியார் டீலர்கள். நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. எப்படிப் பிரித்து அறிவது? மத்திய அரசு 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்கும் டீலர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அதன் பெயர் படிவம் 29 பி. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். கடைக்குள் போனதும், "அண்ணே, 29 பி சான்று இருக்குதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இருப்பவர் காட்டுவார். இல்லாதவர் பேச்சை மாற்றுவார். அதிலேயே பாதி விஷயம் தெரிந்து விடும்.

மூன்றாவது புரோக்கர். இவருக்குக் கடை இருக்காது, டீக்கடையே ஆபீஸ். வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கமிஷன் வாங்குவார். வண்டி கண்டுபிடிக்க இவரால் உதவி உண்டு. ஆனால் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அந்த உரிமையாளரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

நான்காவது, நேரடி பார்ட்டி. தெரிந்தவர் வண்டி, பக்கத்துத் தெரு வண்டி, செல்போன் விளம்பரத்தில் வரும் வண்டி எல்லாம் இதில் அடங்கும். செல்போன் விளம்பரத்தில் ஒரு பழைய தந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி விட்டது, வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன், முதலில் கொஞ்சம் பணம் போடுங்கள்" என்பார்கள். பணம் போகும், வண்டி வராது. அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

ஐந்தாவது ஏலம். தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர்கள் பிடித்த வண்டிகளும், மதுவிலக்கு வழக்கில் தமிழ்நாட்டுப் போலீஸ் பறிமுதல் செய்த வண்டிகளும் ஏலத்துக்கு வரும். விழுப்புரம், கடலூரில் நடக்கும் ஏலத்துக்கு நம் பக்கத்து ஆட்களும் போவது உண்டு. விலை குறைவு. ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாது. பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பேர் மாற்றப் படிவம் 32 தனியாக உண்டு. ஏல உத்தரவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பேர் மாறினால்தான் வண்டி கைமாறியது!

நம் ஜனங்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். பணம் வாங்கியாகி விட்டது, சாவி கொடுத்தாகி விட்டது, அத்துடன் விற்பனை முடிந்தது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

பாகூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தாய்மாமா கரும்பு வெட்டும் கூலி. தன் மொபெட்டை ஒரு புரோக்கரிடம் ரூ. 9,000-க்கு விற்றார். புரோக்கர் நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பேர் மாத்துறதை நான் பார்த்துக்கிறேன் மாமா" என்று சொல்லிப் போனவர்தான். இரண்டு வருடம் கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ் மாமாவின் வீட்டு வாசலில் நின்றது. மொபெட்டில் மதுபாட்டில் கடத்தியவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி விட்டான். ஆர்.சி. புக்கில் இருப்பதோ மாமாவின் பேர்! "நான் வித்துட்டேன் சார்" என்று சொல்ல மாமாவிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. நாலு முறை அலைந்தார். நாலு நாள் கூலி போனது. வக்கீல் செலவையும் சேர்த்தால் வண்டி விற்ற காசைவிட அதிகம் ஆயிற்று. அத்தை அடகு வைத்த தோடு இன்னும் திரும்பவில்லை.

இது கடத்தல் வழக்கோடு நிற்கிற விஷயம் அல்ல. விபத்து என்றால் இன்னும் பெரிய சுமை. 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஒருவர் 2007-இல் காரை விற்று விட்டார். அது அடுத்தடுத்துப் பலர் கைமாறியது. யாரும் பேர் மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்து செய்தது. நஷ்ட ஈடு யார் தருவது? பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறி விட்டது. காரை விற்று இரண்டு வருடம் ஆனவர் தலையில் அந்தச் சுமை ஏறியது.

ஆகவே விற்பவரும் வாங்குபவரும் செய்ய வேண்டியதை வரிசையாகத் தருகிறேன்.

1. படிவம் 29 என்பது விற்பவர் 'நான் விற்று விட்டேன்' என்று போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

2. படிவம் 30 இருவரும் கையெழுத்திடும் பேர் மாற்ற விண்ணப்பம். வாங்கியவர் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

3. வண்டியை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விட்டால், படிவம் 29 சி மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். 2023-க்கு முன் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இப்போது உண்டு, கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

4. ஆர்.சி.யில் 'எச்.பி.' என்று பைனான்ஸ் கம்பெனி பேர் இருந்தால், கடன் முடிந்த சான்றும் படிவம் 35-உம் வேண்டும். இல்லாவிட்டால் நாம் வாங்குவது வண்டி அல்ல, இன்னொருவர் கடன்.

5. டெலிவரி சீட்டு ஒன்று எழுதுங்கள். தேதி மட்டும் போதாது, மணியும் போடுங்கள். "இன்று மாலை 4.30-க்குப் பிறகு இந்த வண்டியால் வரும் எல்லாவற்றுக்கும் வாங்கியவரே பொறுப்பு" என்று எழுதி, இருவர் கையெழுத்து, ஆதார் நகல், வண்டியோடு ஒரு போட்டோ. ஆனால் இது பேர் மாற்றத்துக்கு ஈடாகாது. பேர் மாறும் வரைக்கும் ஒரு துணை, அவ்வளவுதான்.

6. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் 'நோ கிளைம் போனஸ்' அவரைச் சேர்ந்தது, வண்டியோடு வராது. அதைக் காட்டி விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். நிரப்பிய பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும்.

நம் ஊர் எல்லையும் நம்பர் பிளேட்டும்

பாகூர் கொம்யூன் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக்கோடு வயலுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். ஒரு கிராமம் புதுச்சேரி, அடுத்த கிராமம் கடலூர் மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. மாடும் நெல்லும் போய் வருகின்றன. ஆனால் வண்டி மட்டும் அப்படிப் போக முடியாது. டி.என். 31 கடலூர், டி.என். 32 விழுப்புரம். அந்த வண்டியை நாம் வாங்கி இங்கே பேர் மாற்ற வேண்டுமானால், அங்கிருந்து படிவம் 28 மூலம் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், புது எண் பெற வேண்டும். புரோக்கர் சொல்லும் விலையில் இது எதுவும் சேர்ந்திருக்காது. "ரெண்டு கிலோமீட்டர் தானே தம்பி, அப்படியே ஓட்டுங்க" என்பார். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இதன் மறுபக்கமும் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால், வெளிமாநிலத்தார் சிலர் இங்கே ஒரு முகவரியைக் காட்டி வண்டி பதிவு செய்தார்கள். 2017-இல் கேரளத்துச் சினிமா பிரபலங்களின் சொகுசுக் கார்கள் இப்படிப் பதிவானதாக எழுந்த விவகாரம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. நமக்கு இதில் பாடம் என்ன? ஆர்.சி.யில் உள்ள முகவரி உண்மையானதுதானா, அந்த ஆள் அங்கே வசிக்கிறாரா என்று ஒரு நடை போய்ப் பார்த்து விடுங்கள். நம் கொம்யூன்களில் எந்த ஊர் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது?

'எம்பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், எச்.பி. விவரம் வரும். இ-சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சோதிக்க வசதி உள்ளது. பத்து நிமிட வேலை.

காசு கொடுக்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்!

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மதகடிப்பட்டுச் சந்தையில் காசு கொடுத்து மாடு பிடிப்பவர் பல்லையும் பார்ப்பார், நடக்க விட்டும் பார்ப்பார். வண்டிக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

சேசிஸ் எண்: 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் ஆங்கில 'ஐ', 'ஓ', 'கியூ' எழுத்துக்கள் அதில் வராது. ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் அரம் போட்ட தடமோ, புதுப் பெயிண்டோ இருந்தால் அப்படியே திரும்பி வந்து விடுங்கள். இன்ஜின் எண்ணுக்கும் இதே முறைதான்.

கிலோமீட்டர்: மீட்டரைக் குறைப்பது சுலபம், தேய்மானத்தைக் குறைப்பது கஷ்டம். ஒரு கணக்குப் போடுங்கள். தினம் 30 கிலோமீட்டர் வேலைக்குப் போன வண்டி, வருடம் 300 நாள் என்றால் 9,000. எட்டு வருடத்தில் 72,000. மீட்டர் 21,000 காட்டினால், கிக்கர் ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடி மூன்றையும் பாருங்கள். அவை பொய் சொல்லாது.

புகை: இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: ரிங், போர் தேய்ந்திருக்கலாம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகலாம்.

பட்டி: காரின் மேல் ஒரு சின்னக் காந்தத்தைத் துணி சுற்றி நகர்த்துங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும், பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. அங்கே அடிபட்டிருக்கிறது.

டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். "போன வருஷம் போட்ட டயர்" என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

வயது: சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் கட்டணம் காருக்கு ரூ. 600-லிருந்து ரூ. 5,000 ஆயிற்று. பதினான்கு வருட வண்டி மலிவாகக் கிடைத்தால், அடுத்த வருடச் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணையும், வீடூர் அணைத் தண்ணீரால் சங்கராபரணியும் பெருகி, பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தன. 2015 டிசம்பரில் சென்னையிலும் இப்படித்தான் ஏராளமான வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டி கழுவிப் பாலிஷ் போட்டுச் சந்தைக்கு வரும். பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. காரில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள் நுனியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டின் அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. பைக்கில் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஸ்பேர் கடை வாசலில்

வண்டி வந்து விட்டது. இனி மாதம் ஒரு முறையாவது ஸ்பேர் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "ஒரிஜினலா, லோக்கலா?" இதற்குப் பதில் சொல்ல நான்கு வகையைத் தெரிந்து கொள்ள வேண்டும். வண்டிக் கம்பெனி பேரிலேயே வருவது ஒன்று. அந்தக் கம்பெனிக்கே சப்ளை செய்பவர் தன் சொந்தப் பேரில் விற்பது இரண்டாவது. பெரும்பாலும் தரம் அதேதான், விலை குறையலாம். வேறு கம்பெனி தன் பேர் போட்டுச் செய்வது மூன்றாவது. இதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. பிறர் பேரைத் திருடி அச்சடித்து வருவது நான்காவது. அதுதான் டூப்ளிகேட். லோக்கல் வேறு, டூப்ளிகேட் வேறு. லோக்கல் விலை குறைந்த பொருள். டூப்ளிகேட் குற்றம்.

கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக பேரிங். "பைக் முன் வீல் பேரிங் கொடுங்க" என்பவருக்குக் கிடைப்பது வேறு, "6301 கொடுங்க" என்பவருக்குக் கிடைப்பது வேறு. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்கிறது. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்க வேண்டும். 6204-க்கு 20, 6205-க்கு 25. பின்னால் 'இசட் இசட்' இருந்தால் இரு பக்கமும் தகட்டு மூடி, '2 ஆர்.எஸ்.' இருந்தால் ரப்பர் சீல். சேற்றில் ஓடும் நம் வண்டிகளுக்கு ரப்பர் சீல் நல்லது.

ஆயில்: கியர் பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதற்கு டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' குறியீடு உள்ள ஆயில் வேண்டும். விலை குறைவு என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

பிரேக் ஆயில்: காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. திறந்த டப்பாவிலிருந்து ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். டாட் 3, டாட் 4 எது என்று ரிசர்வாயர் மூடியிலேயே இருக்கும்.

ஹெல்மெட், டயர்: ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தெரு ஓரத்துத் தொப்பி ஹெல்மெட் போலீஸ்காரருக்காகப் போடுவது, தலைக்காக அல்ல.

பாக்கெட்டின் மேல் தயாரிப்பாளர் பேர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. எழுத்துப் பிழையோடு அச்சடித்த பெட்டியில் நல்ல பிஸ்டன் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மெக்கானிக் அண்ணன்களைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று அனுப்பினால் அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கலாம். அதற்காகக் கோபப்படாதீர்கள். அவருடைய கூலியை நாம் பேரம் பேசிப் பேசிக் குறைப்பதால்தான் அவர் ஸ்பேரில் தேடுகிறார். கூலியை ஒழுங்காகக் கொடுத்து விட்டு, "ஸ்பேர் நான் வாங்கிட்டு வரேன் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். பழைய வண்டி பார்க்கப் போகும்போதும் அவரைக் கூப்பிட்டுப் போய் அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். அப்போது அவர் புரோக்கர் ஆள் அல்ல, நம் ஆள்.

புதுப்பேட்டைக்குப் போகலாமா?

சென்னை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையைக் கேள்விப்படாத மெக்கானிக் இல்லை. கழற்றிய வண்டிகளின் பாகங்கள் கடை கடையாகக் குவிந்திருக்கும். புது ஸ்பேருக்கு அண்ணா சாலை அருகே ஜி.பி. ரோடு. டெல்லிக்கு மாயாபுரி எப்படியோ நமக்குப் புதுப்பேட்டை அப்படி. கம்பெனி நிறுத்தி விட்ட பழைய மாடலுக்கு வேறு வழியும் இல்லை.

கண்ணாடி, கதவு, சீட், பம்பர், டேங்க் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கடையிலேயே இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்கள், டயர், செயின், சீட் பெல்ட், ஏர் பேக், ஹெல்மெட் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. மிச்சமாகும் காசைவிட உயிர் பெரிது.

எண் அழிக்கப்பட்ட இன்ஜினைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. நம் டிப்ளமோவே மூன்றாண்டுதான்!

பில் என்னும் கவசம்

"பில் வேணும்னா ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா ஆகும் தம்பி." இதைக் கேட்காத காது உண்டா? எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது. மேலும் 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வரி, 18 சதவீதம். முன்பு பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது.

பழைய வண்டிக்கு 2025 ஜனவரி முதல் டீலர் கட்டும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆனால் அது முழு விலைக்கும் அல்ல, அவருடைய லாபத்துக்கு மட்டும். ஒரு லட்சத்துக்கு வாங்கி ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு விற்றால், இருபதாயிரத்துக்குத்தான் வரி, அதாவது ரூ. 3,600. முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சொந்த வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது அது. பழுதான பொருளைத் திரும்பப் பெற பில்லில் நாள் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்றும் சொல்கிறது. ஆக, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிழைப்புக்காக ஆட்டோ ஓட்டுபவருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் கடையோ டீலரோ அல்லாமல் தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. அங்கே நம் கண்ணும் எழுதிய தாளும்தான் துணை.

பேரம் பேசும் முறை

பகலில் போங்கள். ஆசையை முகத்தில் காட்டாதீர்கள். முழுப் பணத்தையும் கையில் கொண்டு போகாதீர்கள். வண்டியைக் குறை சொல்லி விலை குறைக்க வேண்டாம், "செயின் செட் மாத்தணும், பின் டயர் மாத்தணும், ரெண்டுக்கும் இவ்வளவு ஆகும், அதைக் கழிச்சுக்கலாமா அண்ணே?" என்று கணக்கோடு கேளுங்கள். கணக்குக்கு முன்னால் யாரும் கோபப்பட முடியாது. அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது. பாக்கியைப் பேங்க் மூலமாக. பேர் மாறும் வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்பா வேலைக்குப் போக எங்கள் வீட்டில் வாங்கிய பைக்கை இப்படித்தான் முடித்தோம். நிறுத்தி வைத்த இரண்டாயிரம் ரூபாய்தான் அந்த ஆளைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வர வைத்தது!

நண்பர்களே! நம் பெற்றோர் படிக்காதவர்களாக இருக்கலாம், ஏமாளிகள் அல்ல. எழுதியதைப் படிக்க ஆள் இல்லாததால் சொன்னதை நம்பினார்கள். இன்று வீட்டுக்கு ஒருவராவது படிக்கிறோம். வெர்னியர் காலிப்பரில் மில்லிமீட்டரைப் பத்தில் ஒரு பங்காகப் பார்க்கும் கண்ணுக்கு, ஒரு சேசிஸ் எண்ணைப் பார்ப்பது பெரிய வேலையா? உங்கள் தெருவில் அடுத்த முறை யாராவது வண்டி வாங்கும்போது, கூப்பிடும் வரை காத்திராமல் நீங்களே போய், "பேப்பரைக் கொடுங்க, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். ஒரு குடும்பத்தின் தோடு அடகுக்குப் போகாமல் இருந்தால், அந்த ஒரு நாளைக்கே நம் படிப்பு பலன் கொடுத்து விட்டது.